எப்போதாவது

பழைய லாப்டாப் ஒன்றை மலிவாக வாங்க நினைக்கிறவன் கடைக்காரரிடம் முதலில் சொல்லும் சொல் 'எப்போதாவது' என்பதுதான். "தினமும் தேவைப்படாதுங்க, எப்பவாவது யூஸ் பண்ணத்தான்." விலையைக் கேட்பதற்கு முன்பே இது வாயில் வந்துவிடுகிறது. பேரத்துக்கு உதவும் என்ற கணக்கு இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் தன் தேவை சிறியது, தன் ஆசை அடக்கமானது, ஆகவே தான் செய்யப்போகும் காரியத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ளும் தொனி அதைவிட அதிகம். நான் இங்கே விசாரிக்க விரும்புவது அந்தத் தொனியை. எப்போதாவது என்ற சொல் அத்தனை குற்றமற்றதுதானா?

கவிதை எழுதும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பத்தாயிரம் ரூபாய் சாமானுக்குப் பத்துப் பக்கம் தத்துவமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அணைக்கட்டு, அணு உலை, யுத்தம் போன்ற பெரிய விஷயங்களுக்கு நம்மிடம் தயாரான கருத்துகள் இருக்கின்றன. அவற்றை யாரிடமிருந்தாவது பெற்றுக்கொண்டிருக்கிறோம். கூட்டங்களில் சொல்லியும் பழகியிருக்கிறோம். ஒரு சாமான் வாங்கக் கடைப்படி ஏறும்போது எந்தச் சித்தாந்தமும் கூட வருவதில்லை. ஒருவனுடைய தார்மீகம் எப்படி வேலை செய்கிறது, அல்லது வேலை செய்யாமலே எப்படிச் சமாளித்துக்கொள்கிறது என்பதை அங்கேதான் ஸ்தூலமாகப் பார்க்க முடியும்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால் என்பது வாய்க்காலுக்கும் உரிய சொல்; ஏரிப் பாசன நாட்டில் பிறந்திருக்கக்கூடிய பெயர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் சிப்காட் தொழிற்பூங்காவும், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் வரிசை கட்டும் கம்பெனி பஸ்களும்தான் நினைவுக்கு வரும். பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு ஒன்று 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கி, பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. 2007-ல் டெல் கம்பெனி அதே வட்டாரத்தில் கம்ப்யூட்டர் தயாரிக்கத் தொடங்கியது. புதிய யந்திரங்களைச் செய்து வெளியே அனுப்பும் இந்தச் சாலையோரத்தில்தான், செல்போன் ரிப்பேர்க் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில், எங்கிருந்தோ வந்த பழைய லாப்டாப்புகள் அடுக்கியிருக்கின்றன. புதியதைச் செய்கிற கைக்குப் பழையதே எட்டுகிறது என்று இதை உடனே ஒரு முரணாக்கி, இரண்டு வரியில் முடித்துவிடலாம். (நம் புதுக்கவிதையில் இந்த ரக முரண்கள் ஏற்கனவே தேவைக்கு அதிகம்.) அப்படி முடித்தால் யோசனையும் அங்கேயே முடிந்துவிடும். நான் கேட்பது வேறு. அந்தப் பழைய யந்திரம் ஏன் மலிவாக இருக்கிறது?

முதல் காரணம் கணக்குப் புத்தகம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, லாப்டாப்புக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் உபயோக ஆயுள் 3 வருஷம் என்று சொல்கிறது. வங்கிகளில் கம்ப்யூட்டரின் மதிப்பை வருஷத்துக்கு 33.33 சதவிகிதம் வீதம் கழித்துக்கொண்டு வருகிறோம். மூன்றாம் வருஷ முடிவில் பேரேட்டில் அதன் மதிப்பு ஒன்றுமில்லை என்றாகிறது; சாமான் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு ரூபாயை விட்டுவைப்பதுண்டு. யந்திரம் மறுநாள் காலையும் வழக்கம்போல ஓடும். தன் ஆயுள் முடிந்த செய்தி அதற்குத் தெரியாது.

இரண்டாம் காரணம் மென்பொருள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரம் ஒரு தேதியில் பத்திரமற்றதாகிவிடுகிறது. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் ஆபீஸ்கள் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. மொத்தமாகக் கழித்துவிடுகின்றன.

மூன்றாம் காரணம் பணமுடை. யாருக்கோ பணம் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் இரண்டிலும் சாமானை முடித்துவைப்பது ஒரு விதி. அதனால் யாருடைய வீட்டிலும் அன்று அடுப்பு எரியாமல் போவதில்லை. மூன்றாவதில் ஒரு மனிதன் இருக்கிறான். கடை அலமாரியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி துடைத்துவைக்கப்பட்டு, ஒரே மாதிரி மலிவாக நிற்கின்றன. வாங்குகிறவனுடைய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியாமலிருப்பது அவனுக்குச் சௌகரியமும்கூட.

நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு மூன்றாம் காரணம் பழகிப்போன விஷயம். சங்கிலியின் எடையும் மாற்றும் யார் கொண்டுவந்தாலும் ஒன்றுதான். மாறுவது கொண்டுவருகிறவரின் அவசரம். ஸ்கூல் பீஸ் நாளைக்குள் கட்ட வேண்டும் என்பவரும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பவரும் ஒரே உலகத்தில் இல்லை. ஆனால் நகைக்கடனில் ஒரு நியாயத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். நகை ஏலத்துக்குப் போனாலும், அசலும் வட்டியும் செலவும் போக மிஞ்சுகிற தொகை நகைக்காரருக்கே சேர வேண்டும். அவசரத்தில் வந்தவர் அந்த அவசரத்துக்காகவே எல்லாவற்றையும் இழந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது. பழைய சாமான் வியாபாரத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. 'இப்பவே' என்று வந்து விற்றவருக்கும் 'எப்பவாவது' என்று வந்து வாங்குகிறவனுக்கும் நடுவே உள்ள தொகை, கடைக்காரரின் வாடகைக்கும் லாபத்துக்கும் என் மிச்சத்துக்கும் பிரிந்துபோகிறது. கடைக்காரரை வில்லனாக்குவது என் உத்தேசமல்ல. அவர் இரண்டு காலங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். காத்திருக்க முடிகிறவனுக்கும் காத்திருக்க முடியாதவனுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் நாம் மலிவு என்று அழைக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போதாவது என்று சொல்லும்போது நான் என் அடக்கத்தைச் சொல்வதாக நினைக்கிறேன். உண்மையில் என் அவகாசத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்யப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல்முறையாகக் கம்ப்யூட்டர் வந்தது. அவை விற்பனைக்கு அல்ல. ஆனாலும் விற்கப்பட்டன. மூடியிலுள்ள அரசு முத்திரையின் மேல் ஏதாவது ஒரு ஸ்டிக்கரோடு அவை அலமாரிகளில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இதை வாங்கலாமா?

சட்டவாதியின் பதில் சுலபம்: கூடாது. எதிர்த்தரப்பும் சுலபமானதே: கொடுத்தபின் அது அந்தக் குடும்பத்தின் சொத்து; ஏழை தனக்குக் கிடைத்ததை விற்கக் கூடாது என்று உத்தரவிடுவது மேட்டிமைத்தனம். இரண்டாவது வாதத்தின்பால் எனக்கு அனுதாபம் உண்டு. வீட்டில் அரிசி இல்லாதபோது மகனின் லாப்டாப்பை விற்றவரைக் குறை சொல்லும் யோக்யதை மாதச் சம்பளக்காரனான எனக்குக் கிடையாது. ஆனால் விற்பவருக்குக் குற்றமில்லை என்பதிலிருந்து வாங்குபவருக்கும் பொறுப்பில்லை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. பொறுப்பு இரண்டு பக்கமும் சம எடையில் இருக்க வேண்டும் என்பது தராசின் நியதி. மனிதர்களுக்கு நடுவே அது எப்போதும் செல்லாது. விற்பவர் நிர்ப்பந்தத்தில் இருந்தார். நான் இல்லை. அந்த யந்திரம் கொடுக்கப்பட்டது ஒரு பிள்ளை தினமும் உபயோகிப்பதற்காக. அதை எப்போதாவது உபயோகிப்பதற்காக நான் எடுத்துக்கொள்கிறேன். வேறு யாருடைய சட்டமும் தேவையில்லாமல், இந்த ஒரு வாக்கியமே எனக்குப் போதுமான சங்கடத்தைத் தருகிறது.

சங்கடம் அரசு லாப்டாப்போடு நிற்கவில்லை. அலமாரியின் முன் நான் நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றாத ஒரு பெண் வந்து விலை கேட்டாள்.

"அண்ணா, எட்டாயிரத்துக்குள்ள இருக்குமா? கரஸ்ல பி.காம். படிக்கறேன்."

"அந்த ரேட்டுக்கு எடுத்தா பாட்டரி நிக்காதும்மா. பதினொண்ணு ஐந்நூறு வரைக்கும் போனீங்கன்னா நல்லதா தர்றேன்."

"எங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்தாங்க. அது வித்துட்டாங்க வீட்டுல" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பதினொன்று ஐந்நூறு என்று அவர் சுட்டிக்காட்டியது நான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த யந்திரத்தை. ஏதோ ஆபீஸ் கழித்துவிட்டது. யாருடைய அவசரமும் ஒட்டாதது. அதனாலேயே வாங்குவதற்குச் சங்கடமில்லாதது என்று நான் ஏறக்குறைய முடிவு செய்திருந்த யந்திரம். இப்போது அதிலும் ஒரு ஆள் வந்துவிட்டாள். அதை விற்றவர்களில் அல்ல. என்னோடு சேர்ந்து வாங்க நின்றவர்களில்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஒரு வரியில் சொல்வார்கள்: மலிவான சாமானுக்கு அவசியமில்லாதவனும் போட்டியிட்டால் அதன் விலை ஏறுகிறது. எப்போதாவது வேண்டியவன் பத்துப் பேர் வாங்கினால், தினமும் வேண்டியவள் ஒருத்திக்கு எட்டாயிரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டியது பதினொன்று ஐந்நூறு ஆகிறது. இதில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. தங்கள் ஆசை சிறியது என்று நம்புகிற சாதுக்கள்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் நேரத்துக்கு இந்த ஊர் என்ன விலை வைத்திருக்கிறது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. 2024 ஜூனில், திருமணமான பெண்களை ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி ஒருபுறம் இருக்கட்டும். என் கவுண்டரிலிருந்து தெரிவது இன்னும் சாதாரணமான விஷயம். இருபது வயதில் சம்பளக் கணக்கு திறக்கிறார்கள். மாதா மாதம் ஊருக்குப் பணம் போகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் சம்பளம் வருவது நின்றுவிடுகிறது. கணக்கை மூடக்கூட யாரும் வருவதில்லை. வாடிக்கையாளர் இரண்டு வருஷம் தொடாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று நாங்கள் வகைப்படுத்த வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 3 வருஷமும் இந்த மூன்று வருஷமும் தற்செயலாக ஒத்துப்போகிற எண்கள். இதில் நான் குறியீடு எதையும் தேடவில்லை. ஆனால் ஒரு சாமானுடைய ஆயுளை அதன் உழைப்பை வைத்துத் தீர்மானிக்காமல், அதை மாற்றிக்கொள்ள வசதி உள்ளவனுடைய கணக்கை வைத்துத் தீர்மானிக்கிற மனோபாவம், மனிதர்களிடம் வரும்போது மட்டும் மாறிவிடும் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனிதனை வெறும் சாதனமாக மட்டும் நடத்தக் கூடாது என்றார் காண்ட். சாதனத்தையாவது சாதனமாக முழுக்க உபயோகித்தோமா என்று கேட்கிற அவசியம் அவருடைய காலத்தில் எழவில்லை.

இந்த இடத்தில் நம் வட்டத்து நண்பர்கள் ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள். பழைய புத்தகம் வாங்காத எழுத்தாளன் உண்டா? 1985 மே மாதத் தீயில் மூர் மார்க்கெட் போகும் வரை சென்னையில் இலக்கியம் படித்தவர்களின் கல்லூரி அதுதானே? அதற்குப் பிறகும் அல்லிக்குளம் பக்கத்துக் கடைகளில் நின்று பொறுக்கியவர்கள்தானே நாம்? அங்கேயும் யாருடைய கஷ்டத்திலோதான் நமக்குப் பெரிய நூல்கள் சின்ன விலைக்குக் கிடைத்தன.

கிடைத்தன. ஆனால் புத்தகம் காத்திருக்கத் தெரிந்த சாமான். பத்து வருஷம் அலமாரியில் தூங்கினாலும் எடுத்த அன்று முழுசாக இருக்கும். செல்லரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதை எப்போதாவது படிப்பது அதன் சுபாவத்துக்கு விரோதமல்ல. லாப்டாப் அப்படியல்ல. அதன் லித்தியம் பாட்டரி உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் கெட்டுக்கொண்டேயிருக்கும். மென்பொருள் தேதிகள் நம் அலமாரி பூட்டியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. சும்மா இருந்தாலே தேய்கிற சாமானை எப்போதாவது உபயோகிப்பது என்றால், அதன் மிச்ச ஆயுளில் பெரும்பகுதியை யாருக்கும் இல்லாமல் ஆக்குவது. செருப்புக்குப் போட்டுக்கொள்வது, பண்டமாற்றுக்குக் கொடுப்பது என்று இரண்டு உபயோகங்கள் உண்டு என்று அரிஸ்டாட்டில் அரசியலைப் பற்றிய தம் நூலில் பிரித்துக் காட்டினார். மூன்றாவதாக ஒன்றை நாம் சேர்த்திருக்கிறோம்: தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது. வள்ளுவர் பயன்படாத செல்வத்துக்கென்றே நன்றியில்செல்வம் என்று ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த செல்வம், பூட்டிவைத்தால் குறைந்தபட்சம் அப்படியே இருந்தது.

சுற்றுச்சூழல் பேரில் ஒரு சமாதானமும் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு லாப்டாப்பால் வரும் கார்பன் மாசில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. ஆகவே இருப்பதையே நீண்டநாள் ஓட்டுவது நல்லது என்கிறார்கள். உண்மைதான். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும், தயாரித்தவனே கழிவுக்குப் பொறுப்பு என்ற திசையில் போகின்றன. ஆனால் இந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு எப்போது வரும்? பழையதை வாங்கியதால் புதியதை வாங்காமல் விட்டிருந்தால். புதியது வாங்கும் உத்தேசமே எனக்கு இருந்ததில்லை. இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் மேலே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பூமியைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வது கௌரவமான காரியமல்ல.

அப்படியானால் எப்போதாவது தேவைப்படுகிறவன் என்ன செய்வது? தேவை பொய்யில்லை. எனக்கே அது உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை, ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்துவது, பத்திரிகைக்கு வந்தவற்றை டைப் செய்து அச்சகத்துக்கு அனுப்புவது. கைப்பேசியில் கட்டைவிரலால் இதையெல்லாம் செய்ய முடியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்யக் கூடாது.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சிகளின் விளைவாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் அது முன்னோடி. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. அதற்குப் பின்னாலிருக்கும் எண்ணத்தை இப்படிச் சொல்லலாம்: ஒருவனுக்கு ஒரு புத்தகம் எப்போதாவதுதான் வேண்டும்; ஊருக்கு அது எப்போதும் வேண்டும். ஆகவே அது ஊருடையதாக இருக்கட்டும். எப்போதாவது என்பது இயல்பிலேயே பொதுவுக்குரிய சொல். தனி உடைமையின் வாயில் அது பொருந்துவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டர்கள், லாப நோக்கத்தோடேயானாலும், இந்தப் பொதுவை ஓரளவு காப்பாற்றின. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். அவை அநேகமாகப் போய்விட்டன. பொதுவில் இருந்தது போனபின், எப்போதாவது தேவைப்படுகிற ஒவ்வொருவனும் முழுசாக ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. பிறகு அந்த முழுசுக்கு விலை அதிகம் என்று, யாருடைய அவசரத்திலிருந்தாவது மலிவாக ஒன்றைத் தேடுகிறான்.

நான் இன்னும் வாங்கவில்லை. இந்தப் பத்திரிகையோடு சம்பந்தப்பட்டவர்கள் நாங்கள் ஏழு பேர். பத்திரிகையும் எப்போதாவது வருவதுதான். எங்களில் நாலு பேர் தனித்தனியே பழைய லாப்டாப் தேடிக்கொண்டிருப்பது பேச்சில் தெரியவந்தது. ஏழு பேருக்கும் ஒன்று போதும். ஒருவர் வீட்டில் இருக்கட்டும். எங்களுக்கு வேண்டாத நாள்களில் பக்கத்தில் தபால்வழி படிக்கிற யாராவது உபயோகிக்கட்டும் என்று ஒரு யோசனை சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லோர் முகத்திலும் ஒரே தயக்கம். செலவு அல்ல காரணம். "டிராஃப்ட்டெல்லாம் அதுல கிடக்குமே" என்றார் ஒருவர்.

அந்தத் தயக்கத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. என் கிளையில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கடையில் வாங்கிய பழைய லாப்டாப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பைலை அழித்தால் பெரும்பாலும் அதன் இருப்பிடக் குறிப்புதான் அழிகிறது. எழுத்து, மேலே வேறொன்று எழுதப்படும் வரை, வட்டில் அப்படியே கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே அந்த அளவுகூடச் செய்யவில்லை. ஒரு மூலையில் ஐ.டி.ஐ. சான்றிதழ், சம்பளச் சீட்டு, தங்கை கல்யாணச் செலவு என்று பெயரிட்ட போல்டர்கள் வரிசையாக இருந்தன. பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, வட்டு முழுவதையும் மறுபடி எழுதித் துடைத்துக் கொடுத்தேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் என் தொழிலின் சுபாவம் எனக்குத் தெரிந்தது. விமர்சகன் எதையும் படிக்கப் பழகியவன். வரிகளுக்கு நடுவே படிப்பது, எழுதியவன் சொல்லாததைப் படிப்பது, இதெல்லாம் அவனுடைய சாமர்த்தியம். தங்கை கல்யாணச் செலவு ஒரு நல்ல நாவலின் தலைப்பைப் போலவே என் கண்ணில் பட்டது. எழுதப்பட்ட எல்லாம் எனக்காக எழுதப்பட்டதல்ல என்ற சின்ன விஷயத்தை இலக்கியப் பயிற்சி எனக்குக் கற்றுத்தரவில்லை.

பழைய புத்தகத்தின் முதல் பக்கத்திலுள்ள கையெழுத்து நம்மைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதைப் படிக்கலாம். வட்டில் கிடப்பது அப்படியல்ல. அவசரத்தில் விற்றவர் விலையில் மட்டும் நஷ்டப்படவில்லை. துடைத்துவிட்டு விற்கிற அவகாசமும் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய இப்போதேக்கு நாம் கொடுக்காத விலையில் இதுவும் சேர்ந்தது.

ஆகவே பொது யந்திரம் என்ற என் யோசனையின் முன்னால் நிற்கும் தடை பணமோ, பாட்டரியோ, பாஸ்வேர்டோ அல்ல. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டுப் பூட்டித் தரலாம். அதற்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் பூட்டு திறந்து கிடக்கும்போதும் இன்னொருவருடையதைப் படிக்காமல் மூடிவைக்கிறவர்கள் நடுவேதான் ஒரு சாமான் பொதுவில் இருக்க முடியும். உடைமையாக வாங்கிக்கொள்ளும்போது நாம் யந்திரத்தை மட்டும் வாங்குவதில்லை. மற்றவர்களை நம்ப வேண்டிய அவசியத்திலிருந்தும் விலகிக்கொள்கிறோம். அந்த விலகலுக்கான விலையைத்தான் கடையில் வந்து எட்டாயிரம் கேட்டவள் மூவாயிரத்து ஐந்நூறு கூடுதலாகக் கொடுக்கிறாள்.

ஏழு பேரும் அடுத்த இதழ் வேலைக்காகச் சந்திக்கும்போது இதைப் பற்றி முடிவெடுப்பதாக இருக்கிறோம். அதற்குள் நண்பர்கள் யாராவது தனியாக வாங்கிவிட்டால் நான் அவர்களைக் குறை சொல்லப் போவதில்லை. கடையில் எப்போதாவது என்ற சொல்லை மட்டும் சொல்லாமல், விலையைக் கேட்கச் சொல்வேன்.